வீரனும் அவனைத் தேடி வந்தோரும்



கிரேக்க வீரகாவியங்களையும் நமது புறப்பாடல்களையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இன்றைய உரையின் பொருள். இவ்வொப்பீட்டை விரிவாகச் செய்தவர் நம் நாட்டுப் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் அவர் மேற்கொண்ட ஆய்வு, 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது.

ஹோமரின் காவியத்தில் அக்கிலிஸ் சும்மா அமர்ந்திருக்கும்போதுகூட விரைந்து ஓடும் கால்களையுடையவன் என்றே சுட்டப்படுவான். எழுத்தின் துணையின்றி, அவையின் முன்னே பாடிச் சென்ற பாணனுக்கு யாப்பில் அமையும் ஆயத்தத் தொடர்கள் தேவைப்பட்டன என இதனை விளக்கினார் மில்மன் பரி. சங்கப் பாடல்களில் தேரும் குதிரையும் கழலும் மன்னர்க்கு அடையாகத் திரும்பத் திரும்ப வருவதும் இத்தகையதே என்பது கைலாசபதியின் துணிபு. இதனை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடிய விடியக் கேட்டவர்களுக்கு, பழகிய தொடர் மீண்டும் வருவது குறையாகத் தோன்றாது.

வீரனின் பண்பும் இரு மரபிலும் ஒன்றே. ஊர் திரும்பினால் நீண்ட வாழ்வு, போரிட்டு மடிந்தால் அழியாப் புகழ் என்ற இரு வழிகளில் அக்கிலிஸ் பின்னதையே அடைகின்றான். நம்மவர் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர்.

ஆனால் இக்கவிஞர்கள் புகழோடு நின்றுவிடவில்லை. அக்கிலிஸ் தான் கொன்ற ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுக்கின்றான். முதிய தந்தை பிரியாம் இரவில் பகைவனின் பாசறைக்குச் சென்று, மகனைக் கொன்ற கைகளையே முத்தமிட்டு உடலைக் கேட்கின்றான். தன் தந்தையை நினைந்து அக்கிலிசும் அழுகின்றான். உடலைக் கொடுத்து, ஈமக்கடனுக்காகப் 11 நாள் போரையும் நிறுத்த இசைகின்றான். இலியட் துரோய் நகரின் வீழ்ச்சியோடு அன்று, பகைவனின் இறுதிச்சடங்கோடேயே முடிவுறுகின்றது.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு தாயைக் காட்டுகின்றார். மகன் புறமுதுகிட்டான் என்ற சொல் கேட்டுக் களம் புகுந்தவள், பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகின்றாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டதும், பெற்ற நாளிலும் பெரிதாக மகிழ்கின்றாள். இதன் துறை உவகைக் கலுழ்ச்சி. உவகையோடு கண்ணீரும் அத்துறைப் பெயரிலேயே உண்டு. வீரத்தாய் என்று மட்டும் விடை எழுதும் மாணவர்க்கு, அவள் புரட்டிய பிணங்களையும் எண்ணிப் பார்க்குமாறு நான் கூறுவதுண்டு.

வன்னியில் இருந்துகொண்டு இவற்றை வேறுவிதமாகப் படிக்க இயலாது. 2009இல் போர் முடிந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், தம் பிள்ளைகள் எங்கே என்றே கேட்டனர். பிரியாமுக்கு மகனின் உடல் கிடைத்தது. நச்செள்ளையாரின் தாயும் தன் மகனைக் கண்டாள். இவர்களுக்கோ உண்டு, இல்லை என்ற ஒரு மறுமொழிதானும் கிட்டவில்லை. பதிலறியாமலே கண்மூடியோரும் உளர். பகைவனுக்கும் மறுக்கலாகாது என்று ஹோமர் பாடிய உரிமையையே இத்தாய்மாரும் கேட்டனர்.