கயிறும் கொக்கி ஊசியும்: கைப்பைத் தொழிலில் உழைப்பின் மதிப்பு

(ஊரகக் கைத்தொழில் பயிற்சியாளர்களுக்கும் வளர்ச்சி அலுவலர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் வடிவம்)

கடையில் தொங்கும் கைப்பை ஒன்றைக் காண்பவர் அதன் நிறத்தைக் காண்கிறார், வடிவத்தைக் காண்கிறார், விலைச் சீட்டையும் காண்கிறார். அதனைப் பின்னி முடிக்கச் செலவான நேரம் அவர் கண்ணில் படுவதில்லை. மற்றப் பொருள்களைக் காட்டிலும் குரோஷாப் பின்னலுக்கு இக்கருத்து மிகுதியும் பொருந்தும். துணியை நெய்ய விசைத்தறி உண்டு. பனியனைப் பின்ன எந்திரம் உண்டு. ஆனால் கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் பின்னும் உண்மையான குரோஷாவைப் பெருமளவில் செய்துதரும் எந்திரம் இன்றும் சந்தையில் இல்லை. அதைப்போன்ற தோற்றமுடைய துணியை எந்திரம் தரக்கூடும். அது வேறு வகைப் பின்னல். ஆகவே உலகின் எந்த மூலையில், எவ்வளவு குறைந்த விலைக்கு விற்கப்படினும், ஒரு குரோஷாக் கைப்பைக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய விரல்கள் பல மணி நேரம் உழைத்திருக்கின்றன. அந்த நேரத்துக்கு என்ன கிடைத்தது என்பதே இத்தொழிலின் அடிப்படை வினா.

நரசாபுரம் கற்பிக்கும் பாடம்

இந்தியாவில் குரோஷாத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம் ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாபுரம். கோதாவரியின் கிளையாகிய வசிஷ்ட கோதாவரியின் கரையில் அமைந்த இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதப்பணியாளர்கள் வழியாக இக்கலை பரவிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1840-களின் பெரும் பஞ்சத்தையொட்டி, அயர்லாந்திலும் குரோஷா ஒரு நிவாரணத் தொழிலாக வளர்ந்தது. வறுமையுற்ற இல்லங்களில் பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்க தொழில் என்பதே இரு இடங்களிலும் இதற்கிருந்த சிறப்பு. ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு, உட்கார ஒரு திண்ணை: இவையே போதிய முதலீடு.

அந்த எளிமையே பின்னர் ஒரு சிக்கலாகவும் ஆயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபுரத்தில் கள ஆய்வு செய்து 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. ஏற்றுமதியாளரிடமிருந்து முகவருக்கும், முகவரிடமிருந்து வீட்டிலுள்ள பெண்ணுக்கும் நூல் செல்கிறது. பின்னப்பட்ட சரிகை அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு பெண் பூக்களை மட்டும் பின்னுவாள்; மற்றொருத்தி அவற்றை இணைப்பாள்; முழுப்பொருள் எங்கே செல்கிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதை இருவருமே அறியார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் 'தொழிலாளர்' என்று கருதப்படவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறவர்கள்' என்றே கருதப்பட்டனர். அந்த ஒரு சொல்லே கூலியைத் தாழ்த்தி வைக்கப் போதுமானதாயிற்று. ஓய்வு நேரத்துக்கு யார் கூலி கேட்பார்?

நரசாபுரத்தின் குரோஷாச் சரிகை 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும், குறியீடு ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதற்கே சான்று. அதைப் பின்னியவர் என்ன பெற்றார் என்பதற்கு அது சான்றாகாது.

கைப்பையின் சிறப்பு

மெல்லிய நூலில் பின்னப்படும் மேசை விரிப்பு முடியப் பல வாரங்கள் ஆகும். கண்பார்வைக்கு அது கடும் உழைப்பு. தடித்த கயிற்றில் பின்னப்படும் கைப்பையோ ஓரிரு நாளில் முடியும். கண்ணிகள் பெரியவையாதலால், நுண்ணிய நூலைக் காண இயலாத மூத்த பெண்களும் இதில் ஈடுபடலாம். முழுப் பொருளையும் ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கலாம் என்பது இதனினும் முக்கியமானது. பூவைப் பின்னுகிறவளுக்குப் பொருளின் விலை தெரியாது. பையை முடிக்கிறவளுக்கு அது தெரியாமற் போக வேண்டியதில்லை.

ஆனால் நிமிர்ந்து நிற்கும் பை வேறு. தொங்கித் துவளும் பை வேறு. சந்தையில் நல்ல விலை பெறுவது முன்னதே. அந்த நிமிர்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பயிற்சியாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கயிறும் ஊசியும்

பருத்திக் கயிறு, சணல் கயிறு, செயற்கை இழைக் கயிறு ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. பருத்தி கைக்கு இதமானது. ஈரத்தில் வலிமை குறையாது. ஆயினும் சாயம் நிலைத்துள்ளதா என்பதைத் துவைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். சணல் விறைப்பானது, எளிதில் நீளாது. ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும். அதன் பிசிறு உடையையும் தோலையும் உராயும். செயற்கை இழை நனைந்தாலும் கெடாது. வழுக்கும் தன்மையால் முடிச்சு நழுவக்கூடும்.

விறைப்பு கயிற்றால் மட்டும் வருவதன்று; கயிற்றுக்கும் ஊசிக்கும் உள்ள பொருத்தத்தால் வருவது. ஒரே கயிற்றைப் பெரிய ஊசியால் பின்னினால் வலை போலத் தளரும். சற்றுச் சிறிய ஊசியால் பின்னினால் பலகை போல இறுகும். மிகச் சிறிய ஊசியோ மணிக்கட்டைப் பழுதாக்கும். பின்னுவதற்கு ஏற்றது ஒற்றைப் பின்னல்: ஊசியைக் கீழ்க் கண்ணியில் நுழைத்துக் கயிற்றை இழுத்து, மீண்டும் கயிற்றைக் கொளுவி, ஊசிமேலுள்ள இரு கண்ணிகளின் வழியாகவும் ஒருசேர வெளிக்கொணர்வது. உயரம் குறைந்த கண்ணியாதலால் இடைவெளி குறையும். மேலும் விறைப்பு வேண்டின், இன்னொரு கயிற்றைச் சுற்றின்மேல் கிடத்தி அதனை உள்ளடக்கியே பின்னலாம்.

அடியும் சுவரும்

கணக்கின்றிப் பின்னப்படும் பை ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. 10 செ.மீ. சதுர மாதிரி ஒன்றைப் பின்னி, அதில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுவதே முதற்பணி. எடுத்துக்காட்டாக, இரண்டும் 12 எனக் கொள்வோர், 28 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உடைய நீள்வட்ட அடியைக் கீழ்வருமாறு கணிக்கலாம். நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் 18 செ.மீ.; அதற்கு 22 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அதன் இருபுறமும் சுற்றிப் பின்னி, ஒவ்வொரு சுற்றிலும் முனைக்கு மூன்றாக ஆறு கண்ணிகள் கூட்ட வேண்டும். ஆறு சுற்றுகளின் முடிவில் ஓரத்தில் 80 கண்ணிகள் இருக்கும். கூட்டுதல் குறைந்தால் அடி கிண்ணம்போல் குழியும்; மிகுந்தால் ஓரம் அலையலையாகச் சுருளும். இவ்விரண்டையும் கண்ணால் கண்டே திருத்திக்கொள்ளலாம்.

அடி முடிந்ததும் ஒரு சுற்றினைக் கண்ணியின் பின் இழையில் மட்டும் பின்னினால், அடிக்கும் சுவருக்கும் இடையே கூரிய மடிப்பு விழும். பின்னர் கூட்டாமலும் குறைக்காமலும் 24 சுற்றுகள் எழுப்பினால் 20 செ.மீ. உயரம் கிடைக்கும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தொடர்ந்து சுற்றாகப் பின்னும்போது ஒற்றைப் பின்னல் கண்ணிகள் நேர்மேலே அமையாமல் சற்றே ஒருபுறம் சாய்ந்து ஏறும். அடியில் இட்ட அடையாளத்தை நம்பிக் கைப்பிடியைப் பொருத்தினால் அது கோணலாகிவிடும். பையைத் தட்டையாக மடித்து, இரு ஓரங்களையும் புதிதாகக் கண்டறிந்த பின்னரே கைப்பிடிக்கு இடம் குறிக்க வேண்டும்.

கைப்பிடியும் உட்துணியும்

பை கெடுவது பெரும்பாலும் கைப்பிடியில்தான். குரோஷா இயல்பாகவே நீளும் தன்மையது. பின்னலை மட்டும் நம்பிய கைப்பிடி, சுமை ஏற ஏற நீண்டு தொங்கும். நீளாத பருத்தி நாடாவையோ தடித்த கயிற்றையோ உள்ளே வைத்துப் பின்னுவதும், கைப்பிடியின் முனையை விளிம்பில் மட்டும் தைக்காமல் பல சுற்றுகள் கீழிறங்கித் தைப்பதும் நல்ல முறைகள். கயிற்றின் முனைகளை முடிச்சிடாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி ஊசிநூலால் தைத்துப் பின்னலுக்குள் மறைக்க வேண்டும்.

உட்துணி பையின் அழகுக்கு மட்டும் உரியதன்று; கண்ணிகளுக்கிடையே பேனாவும் சாவியும் நழுவாமல் காப்பதும், சுமையின் ஒரு பகுதியைத் தாங்குவதும் அதுவே. அடியில் வைக்கும் அட்டை நனைந்தால் உப்பிக் கெடும்; மெல்லிய பிளாஸ்டிக் பலகையே உகந்தது. வளையமும் பூட்டும் துருப்பிடிக்காதவையாக இருத்தல் வேண்டும். பல குழுக்கள் பின்னலைக் குறைவறக் கற்றபின்னும் இந்த இறுதிப் பணிகளை நகரத்து வணிகரிடம் விட்டுவிடுவதுண்டு. அதனால் கிராமத்தில் எஞ்சுவது கூடு மட்டுமே. விலையைத் தீர்மானிக்கும் உரிமையும் அந்தப் பூட்டோடும் உட்துணியோடும் நகரத்துக்குச் சென்றுவிடுகிறது.

கூலிக் கணக்கு

மேற்கூறிய பையின் அடியில் 390 கண்ணிகள், சுவரில் 1,920, ஆக 2,310 கண்ணிகள். பின்னிய மாதிரியில் பத்துக் கண்ணிகளை அவிழ்த்து அளந்தால் ஒரு கண்ணிக்குரிய கயிற்றின் நீளம் தெரியும். அது 5 செ.மீ. எனில் பை ஒன்றுக்கு 115 மீட்டர் கயிறு வேண்டும். கைப்பிடிக்கும் சேதாரத்துக்கும் தனியே சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு கண்ணிகள் என்ற நிதானமான வேகத்தில், பின்னலுக்கு மட்டும் ஏறத்தாழ ஆறரை மணி நேரம் ஆகும். கைப்பிடி, விளிம்பு, உட்துணி, பூட்டு ஆகியவற்றுக்கு மூன்றரை மணி எனக் கொண்டால் மொத்தம் பத்து மணி.

ஒரு முகவர் இப்பைக்கு 200 ரூபாய் கூலி தருவதாகக் கூறுகிறார் என வைத்துக்கொண்டால், கேட்பவருக்கு அது நல்ல தொகையாகவே தோன்றும். ஆனால் மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நாளுக்கு 160 ரூபாய் என்று வகுத்து, மாநில அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச நாட்கூலியின் அருகே வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை விளங்கும். துண்டுக் கூலி நேரத்தை மறைக்கிறது. அந்த மறைவை நீக்குவதற்குக் கடிகாரமும் ஒரு தாளும் போதும்.

நேரத்தை அளக்கும்போது குழுவில் மிக விரைவாகப் பின்னுகிறவரை அளவுகோலாகக் கொள்ளலாகாது. நடுத்தர வேகமுள்ள பலரை அளந்து சராசரி காண்பதே நேர்மை. அவிழ்த்துத் திரும்பப் பின்னும் நேரமும், கயிறு வாங்கவும் பையை ஒப்படைக்கவும் நடக்கும் நேரமும் கணக்கில் சேர வேண்டும். இறுகிய கயிறு விரலையும் மணிக்கட்டையும் வருத்துமாதலால் இடையிடையே கைக்கு ஓய்வு தருவதும் வேலையின் ஒரு பகுதியே.

சட்டமும் அமைப்பும்

வீட்டிலிருந்து உழைப்பவருக்கு முதலாளி யார் என்ற வினா பழையது. 1972-இல் அகமதாபாத்தில் எலா பட் அவர்கள் சுயதொழில் புரியும் மகளிர் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்ய முற்பட்டபோது எழுந்த தடையும் இதுவே. முதலாளி இல்லாதவர்க்குச் சங்கம் எதற்கு என்று கேட்கப்பட்டது. சங்கம் முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உறுப்பினரை ஒன்றிணைப்பதற்கும் உரியது என்ற வாதம் வென்றது. 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலைக்கென்றே 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை எனினும், 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வீட்டுவழித் தொழிலாளியைப் பெயர்சொல்லி வரையறுத்தன. 'சும்மா இருக்கும் நேரம்' என்ற பழைய சொல்லுக்கு இது தக்க மறுமொழி.

2021-இல் தொடங்கப்பெற்ற இ-ஷ்ரம் பதிவும், கைவினைஞர்களுக்கான 'பெஹ்சான்' அடையாள அட்டையும் ஒருவரைத் தொழிலாளராக ஏட்டில் ஏற்றுகின்றன. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் செலுத்த வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. தாமதமான பணத்தால் நொடித்துப்போகும் குழுக்களுக்கு இவ்விதி பெருந்துணையாகும். ஆயினும் பதிவு செய்துகொண்டவர்க்கே அது பயன்படும் என்பதை அலுவலர்கள் பயிற்சியின் முதல் நாளிலேயே எடுத்துரைப்பது நலம்.

அலுவலர் செய்யத்தக்கவை

பயிற்சி வகுப்பின் வெற்றி, அதன் முடிவில் மேசைமேல் எத்தனை பைகள் அடுக்கப்பட்டன என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. அது போதிய அளவுகோலன்று. பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் தாம் பின்னிய பைக்குச் சென்ற கயிறு எவ்வளவு, நேரம் எவ்வளவு, அடக்கவிலை எவ்வளவு என்று தாமே எழுதிக் காட்ட வல்லவரானாரா என்பதே உண்மையான தேர்வு. ஒப்படைத்த பொருள், பெற்ற கூலி, தள்ளுபடி செய்யப்பட்டதன் காரணம் ஆகிய மூன்றையும் குறிக்கும் சிறு அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருத்தல் வேண்டும். குழுவுக்கு ஒரு தையல் எந்திரம் வாங்கித் தருவதால், உட்துணியும் இறுதிப் பணியும் ஊரிலேயே நிலைக்கும்.

குரோஷாவைக் கற்பிப்பது எளிது. சில வாரங்களில் விரல்கள் பழகிவிடும். விலை பேசக் கற்பிப்பதற்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும். கண்ணியை எண்ணத் தெரிந்த பெண் மணியையும் எண்ணத் தொடங்கும் நாளில், கொக்கி ஊசி அவள் குடும்பத்துக்கு உண்மையான வாழ்வாதாரமாகும். அதுவரை, நிமிர்ந்து நிற்பது பை மட்டுமே.