வளரும் பிள்ளைகளும் நம் மௌனமும்



விழா மேடைக்கு ஒவ்வாத பொருள் இது எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் நம் குடும்பங்கள் யாவும் ஒருங்கே கூடும் நாள் வேறேது?

2007ஆம் ஆண்டில் இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கண்டு வினவியதில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவருள் ஆண்பிள்ளைகளே சற்று மிகுதி. பெண்ணைப் பெற்றவருக்கே இக்கவலை என்போர் கவனிக்க. தீங்கிழைத்தோரில் பாதிப்பேர் பிள்ளை அறிந்து நம்பியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதனை எவரிடமும் சொன்னதில்லை. ஆய்வாளர் கேட்டதனால் வெளிவந்தது.

நாமோ, ‘மாமா அருகில் போய் உட்கார்’ என்று அதட்டிப் பழகியவர்கள். பிள்ளை தயங்கினால் மரியாதைக் குறைவென்கிறோம். தயக்கம் ஏனென்று தனியே அழைத்துக் கேட்டதுண்டா?

2012இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம். காலனியில் நாலுபேர் பார்ப்பார்களே என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி: வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே பெறலாம், அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுங்கள், பிள்ளையின் கண்ணெட்டும் உயரத்தில்.