கணிப்புத் தவறியது, காய்ச்சல் தணிந்தது



ரெங்கம் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நம் வாழ்வோடு கலந்தவை. புல் வெட்டப் போனவர் காய்ச்சலோடு வீடு திரும்புவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் எல்லாக் காய்ச்சலும் ஒரே காய்ச்சலா? இதை விளக்கும் ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது.

1948ஆம் ஆண்டு. ஜோசப் ஸ்மேடல் என்னும் அமெரிக்க மருத்துவர், தம் குழுவினருடன் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தார். குளோரம்ஃபெனிக்கால் என்ற புதிய மருந்தைக் கொண்டுவந்தார். வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து அது. புதர்க்காய்ச்சலை அது தீர்க்குமா என்று பார்ப்பதே நோக்கம். லாலாங் புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணி கடிப்பதால் வரும் நோய் இது. மருந்து நன்றாகவே வேலை செய்தது.

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதர்க்காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவருக்கு இருந்தது டைபாய்டு என்று தெரிந்தது. அந்நாளில் டைபாய்டைத் தீர்க்கத் தக்க மருந்து இல்லை. வாரக் கணக்கில் காய்ச்சல் அடிக்கும். குடலில் ஓட்டை விழுந்து உயிரும் போகும். ஆனால் இவருக்கோ காய்ச்சல் தணிந்திருந்தது!

கணிப்புத் தவறிவிட்டது என்று ஏட்டை மூடிவிடவில்லை அவர்கள். டைபாய்டு நோயாளிகளுக்கே அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தியோடர் உட்வர்டு, மங்கிகார் முதலிய மருத்துவர்கள் அதே ஆண்டில் 10 நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் இறங்கியது. உலகம் முழுவதும் டைபாய்டு சிகிச்சைக்கு வழி பிறந்தது.

பின்னாளில் அம்மருந்து அரிதாகச் சிலரின் எலும்பு மச்சையைக் கெடுப்பது தெரியவந்தது. பல நாடுகளில் கிருமிகளும் அதற்கு அடங்காமல் போயின. இன்று வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

நேயர்களே, இரத்தத்தைச் சோதித்திராவிட்டால் அந்த உண்மை வெளிவந்திருக்காது. ஆகவே காய்ச்சல் கண்டால், பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். மருத்துவரிடம் போவோம். எந்தக் காட்டில் வேலை செய்தோம், எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்று சொல்வோம். உடலில் கருத்த பொருக்கு இருந்தால் மறைக்காமல் காட்டுவோம். அது உண்ணி கடித்த அடையாளமாக இருக்கலாம். இரத்தம் எடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் கையை நீட்டுவோம். கொடுத்த மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடிப்போம்.

டைபாய்டு தண்ணீராலும் உணவாலும் பரவுவது. கொதித்து ஆறிய நீரும் கழுவிய கையும் நம் வீட்டிலேயே இருக்கும் காவல்.