கர்மமா, மருந்தா?
(நாகர்கோவில் கூட்டத்தில் பேசியது)



ஈரல் மாற்றிப் பிழைத்தவருக்குப் பின்னால் நீரிழிவு வந்தாலும், சிறுநீரகம் கெட்டாலும், "கர்மம், நாகதோஷம்; நாகராஜாவுக்குப் பால் ஊற்று" என்பவர்கள் நம் நாஞ்சில் நாட்டில் உண்டு. கர்மம் என்றால், ஈரல் பிழைத்தது எதனால் என்று கேட்கின்றோம்!

உண்மை என்ன? உடம்பு அந்நிய ஈரலைத் தள்ளாமலிருக்கக் கொடுப்பது டாக்ரோலிமஸ். ஜப்பான் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து 1984ல் எடுத்த மருந்து. அது இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். சிறுநீரக ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கூடக் கொடுக்கும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றும். முக்கிய காரணம் இதுவேயாகும்.

விரதம், நேர்ச்சை என்று மருந்தை நிறுத்தினால் ஈரலே போய்விடும். அளவைக் குறைக்க வேண்டியவர் வைத்தியர், ஜோசியரல்ல. சர்க்கரையையும் கிரியேட்டினினையும் ஆசாரிப்பள்ளம் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே சோதிக்கலாம். பால் குழந்தைகளுக்கு ஆகட்டும்!