அலுவலும் அமைதியும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



“நேரமில்லை” என்ற முறைப்பாட்டை இன்று எங்கும் கேட்கிறோம். தீவகத்தவராகிய நமக்கு இது வெறும் வாய்ப்பேச்சன்று. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போகிறவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிலே சென்று, குறிகட்டுவானில் இறங்கி, பின்னர் பஸ் ஏறவேண்டும். அங்கே போனபின், பிறப்பத்தாட்சிப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலே கிடக்கிறதென்று நினைவு வந்தால், அன்றைய நாள் முழுவதும் வீண். விண்ணப்பத்துக்கு அன்றே கடைசித் திகதியானால், ஒரு பிள்ளையின் படிப்போ உத்தியோகமோ அதனோடு போய்விடலாம்.

ஆயினும் நம்மை வாட்டுவது வேலையின் பாரம் மாத்திரமன்று. 2011ஆம் ஆண்டில் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முடியாத கருமம் மனத்தைக் குடைந்துகொண்டேயிருக்கும். ஆனால் அதனை எப்போது, எங்கே, எவ்வாறு செய்வதென்று திட்டமிட்டுவிட்டால், கருமம் முடியுமுன்னரே அக்குடைச்சல் தணிகிறது என அவர்கள் கண்டனர். தீவுகளிலிருந்து கொழும்புக்குச் சென்று கடை வைத்த நம்மவர் இதனை அனுபவத்தால் அறிவர். கடன் கொடுத்தவுடன் கொப்பியிலே பதிந்தவருக்கு இரவிலே நல்ல நித்திரை. மனத்திலே வைத்தவருக்கோ ஓயாத கணக்கு.

எழுதினாற் போதாது, வேண்டியபோது எடுக்கவும் வேண்டும். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்பது. நூலுக்கு உரிய இடம் இருந்தால் தேடும் நேரம் குறையும். வீட்டுப் பத்திரங்களுக்கும் இது பொருந்துமன்றோ?

ஆகவே, நாளைய அலுவல்களை இன்றிரவே நேரமும் இடமும் குறித்து எழுதுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, கிளினிக் கொப்பி முதலியவற்றை ஒரே பெட்டியில் வையுங்கள்; எடுத்ததை அன்றே திருப்பி வையுங்கள். பட்டினத்து அலுவல்களைச் சேர்த்து ஒரே பயணத்தில் முடியுங்கள். துறைக்குப் புறப்படும் வாலிபர், அயலிலுள்ள முதியவருக்கும் ஏதேனும் அலுவல் உண்டோவென்று கேட்டுச் செல்லட்டும். அவருக்கு ஒரு பயணம் மிச்சமாகும்.

காற்றும் கடலும் நம் சொற்கேட்பனவல்ல. படகு ஓடாத நாளும் உண்டு. கடைசித் திகதிக்கு ஒரு வாரம் முன்னரே கருமத்தை முடித்தவர், அந்நாளிலும் அமைதியாக வீட்டிலிருப்பார்.