கராம்பு மரத்தில் ஏறியவர்



கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டி ஒரு சிறிய ஏற்றப் பாதை போகிறது. அது போய் முடியும் இடத்தில் வெள்ளைக்காரர்களின் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. காரிசன் மயானம் என்று சொல்வார்கள். 1815 ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தோடு பேசப்படும் ஜோன் டொயிலி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆனால் நான் அங்கே போகும்போதெல்லாம் நிற்பது அவருடைய தூணுக்கு முன்னால் அல்ல. வில்லியம் வாட்சன் மக்வுட் என்ற தோட்டத்துரையின் கல்லுக்கு முன்னால்தான்.

அவர் இறந்தது 1867 இல். போரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. குதிரையிலிருந்து இறங்கினார். கோப்பிக் கன்று நட வேண்டிய இடத்துக்கு அடையாளமாக அடித்து வைத்திருந்த முளைக்குச்சி அவர் உடம்பில் ஏறிவிட்டது. அவ்வளவுதான். கன்று நடுவதற்கு முன்பு மலையை அளந்து, குழி வெட்ட வேண்டிய இடங்களில் வரிசையாகக் குச்சி அடிப்பார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு குச்சி ஒரு மனிதரின் உயிரைக் குடித்தது.

அதே மயானத்தில் ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபர்ட்சன் கிடக்கிறார். 1856 இல் காட்டு யானை அடித்துக் கொன்றது. டேவிட் ஃபின்ட்லே என்பவர் 1861 இல் தான் குடியிருந்த வீடு இடிந்து விழுந்து செத்தார். இப்படி ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர், ஒரு வருடம். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான பிறகு, அவர்களுக்கு எந்த உறவும் இல்லாத நான், அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று இன்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

நான் மலையகத்துக்காரன். அதனால் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது எனக்கு இன்னொரு கேள்வியும் வரும். மக்வுட் இறங்கிய அந்த மலையில் குழி வெட்டியவர்கள் யார்? மன்னார் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து கண்டிச் சீமைக்கு ஏறி வந்த நம்முடைய முப்பாட்டன்மார். வழியிலேயே செத்தவர்கள் எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை மட்டும் எழுபதாயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849 இல் எழுதியது. அந்த எண் மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. வாதம் ஏன் வருகிறது? யாரும் எண்ணி வைக்கவில்லை என்பதால்தானே? பெயரில்லாமல் தேயிலைத் தூருக்கடியில் கிடக்கும் அந்த மனிதர்களை நினைத்துத்தான் மலையகக் கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளை 1954 இல் தன்னுடைய நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நான் பேச வந்தது அடுத்த கராம்புப் பருவத்தைப் பற்றி.

எங்கள் லயத்தில் நாலாவது காம்பிராவில் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள்தான். தோட்ட வேலை இல்லாத நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நாட்டுக்கு வேலைக்குப் போவார். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் சிங்களக் கிராமத்தைத்தான் நாங்கள் நாடு என்போம். மிளகு பிடுங்க, கிணறு இறைக்க, பலா வெட்ட என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். சில வருடங்களுக்கு முன்பு தை மாதத்தில் ஒரு நாள் காலையில் கராம்பு பறிக்கப் போனார். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது.

அவர் மனைவி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, கொப்பு ஒடிஞ்சிருச்சாம். காலையில பனியா இருக்கு, வெயில் ஏறட்டும்னு சொன்னேன். பூ விரிஞ்சிரும், இன்னைக்கே பறிக்கணுமாம்னு போயிட்டாரு."

அந்தப் பெண் சொன்ன இரண்டு வரியில் முழுக் காரணமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாம் கறியில் போடும் கராம்பு ஒரு மொட்டு. பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும் நேரத்தில், விரிவதற்கு முன்பு பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. ஒரு மரத்து மொட்டெல்லாம் ஒரே நாளில் பக்குவமாவதும் இல்லை. அதனால் ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். மார்கழியில் தொடங்கி பங்குனி, சித்திரை வரைக்கும் இழுக்கும் பருவம் அது. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்தின் காலைப்பனி அப்போது பட்டையை வழுக்க வைக்கும். வயதான மரம் நாற்பது அடியைச் சாதாரணமாகத் தாண்டும். மொட்டுக் கொத்து இருப்பதோ கிளையின் நுனியில். நடுத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் கை எட்டாது. வெளியே போக வேண்டும். கராம்புக் கிளைக்கு வளையும் குணம் குறைவு. பலாக் கிளை முறிவதற்கு முன்பு கொஞ்சம் தாழ்ந்து காட்டும். கராம்பு சட்டென்று ஒடியும்.

இப்போது கூலியைப் பாருங்கள். பறிப்பவருக்குப் பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் காசு. கயிறு கட்டி, அவிழ்த்து, இன்னொரு கிளையில் கட்டி ஏறினால் நேரம் போகும். நேரம் போனால் கிலோ குறையும். மரத்தில் நிற்பவர் கவலையீனமானவர் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

மரத்திலிருந்து விழுபவர்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். சொந்தத் தோட்டத்து மரத்தில் ஏறி விழும் சிங்கள விவசாயிகள், கித்துள் சீவுகிறவர்கள், மரத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பறிக்கும் முஸ்லிம் சிறு வியாபாரிகளின் ஆட்கள், எங்கள் தோட்டத்து ஆட்கள், எல்லோரும் ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் கிடப்பார்கள். இலங்கையில் முதுகுத்தண்டு முறிந்து நடமாட்டம் இழப்பதற்கான முக்கியமான காரணங்களில் மரத்திலிருந்து விழுவதும் ஒன்று. திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போனால், விழுந்து பிழைத்தவரின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரியும். சாவை மட்டும் எண்ணினால் இந்தத் துயரத்தின் பாதி கணக்கில் வராது.

எங்கள் லயத்துக்காரருக்குத் திடீர் மரண விசாரணை நடந்தது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதைக் கட்டாயமாக்குகிறது. பிரேத பரிசோதனை, மனைவியின் சாட்சியம், கூடப் போன ஒருவரின் சாட்சியம். வேறொருவர் தள்ளிவிட்டாரா? இல்லை. குடித்திருந்தாரா? இல்லை. முடிவு: மரத்திலிருந்து தவறி விழுந்ததால் ஏற்பட்ட விபத்து மரணம். சடலத்தைக் கொடுத்தார்கள். விசாரித்த அதிகாரி கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனதில் தைத்தது, கேட்கப்படாத ஒரு கேள்வி. இடுப்பில் கயிறு இருந்ததா? அதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற வழக்கமே இல்லை. குற்றம் நடந்ததா என்று பார்ப்பதோடு ஃபைல் மூடிவிடுகிறது.

நமக்கு இந்த விசாரணை முறையைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் நாட்டில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி டிராக்டர் கவிழ்ந்தோ, மாடு முட்டியோ, களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்தோ இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மரண விசாரணை அதிகாரி விபத்து என்றுதான் எழுதக்கூடும். ஆனால் அதோடு அவர் வேலை முடியாமல் போகலாம். இதே மாதிரி இன்னொருவர் சாகக்கூடும் என்று அவருக்குத் தோன்றினால், அதைத் தடுக்கக்கூடிய நிறுவனத்துக்கோ அரச திணைக்களத்துக்கோ எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டியது அவருடைய சட்டக் கடமை. 2009 ஆம் ஆண்டின் சட்டம் அது. அறிக்கை கிடைத்தவர் 56 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், அல்லது ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் உழைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் வேலையில் சாகும் வீதம் மிக அதிகமான துறை விவசாயம்தான் என்று வருடா வருடம் அரசே கணக்கு வெளியிடுகிறது. சாவு அங்கேயும் நின்றுவிடவில்லை. ஆனால் எண்ணுகிறார்கள், பதில் கேட்கிறார்கள்.

இங்கே நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமா? ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் பேராதனையில்தான் இருக்கிறது. விவசாயத் திணைக்களமும் பேராதனையில். விவசாய பீடமும் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தில், மகாவலிக் கரையில். கராம்பு மரத்துக்கும் இந்தக் கட்டிடங்களுக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லாத கிராமங்கள் எத்தனை! நல்ல கன்று கொடுக்கிறார்கள், உலர்த்தும் முறை சொல்லித் தருகிறார்கள். அதை நான் மெச்சுகிறேன். கன்று கொடுக்கும் அதே கையால் ஒரு இடுப்புப் பட்டியையும் கயிற்றையும் கொடுக்கலாம். மூன்று கால் மூங்கில் ஏணி செய்யும் முறையைக் காட்டலாம். கிளை நுனிக்கு ஆள் போகாமல், கொக்கித் தடியால் கிளையை உள்ளே இழுத்துப் பறிக்கப் பழக்கலாம். மிளகு பறிப்பவருக்கோ, கொடி ஏறும் சீமைக்கிளுவையை உயர விடாமல் வெட்டிவிட்டாலே ஏணியின் பாதி உயரம் குறையும்.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முதலில் வேலை கொடுத்தவர் யார் என்று கேட்கும். மரம் ஒருவருடையது, மொட்டை முன்பணம் கொடுத்து வாங்கியவர் இன்னொருவர், ஆளைக் கூட்டி வந்தவர் மூன்றாமவர். துண்டுக் கடதாசிகூட இல்லாத இந்த வேலையில் அந்தக் கேள்விக்கே பதில் கிடைக்காமல் குடும்பங்கள் களைத்துப்போகின்றன. சொந்த நிலத்தில் விழுந்த விவசாயிக்கோ வேலை கொடுத்தவர் என்று ஒருவரே இல்லை. அவருக்காக 1987 இல் விவசாயிகள் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் சட்டமானது. ஊனத்துக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு அதில் உண்டு. உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது பசளை பற்றி மட்டும் கேட்காமல், இதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

பன்றிக்காக இழுத்த சட்டவிரோத மின்கம்பியில் மிதித்துச் சாகிறவர்கள், கொழுந்து மலையில் குளவி கொட்டிச் சாகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் தனியாக ஒரு உரைக்கு உரியது. அங்கேயும் எழுதப்படும் வார்த்தை விபத்துதான்.

இன்னொரு விஷயம். இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், பாசத்தில் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்போ கழுத்தெலும்போ முறிந்திருந்தால், நாம் தூக்கும் அந்த ஒரு நொடியில் நரம்பு அறுந்துவிடக்கூடும். தண்ணீர் கொடுக்காதீர்கள். முச்சக்கர வண்டியில் மடக்கித் திணிக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 க்கு எடுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வண்டி வர முடியாத மலையாக இருந்தால் கதவுப்பலகையைக் கழற்றி, நாலு பேர் சேர்ந்து, தலை முதல் கால் வரை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாதைக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் லயத்துக்காரரை அன்று எப்படித் தூக்கினார்கள் என்று நான் அவர் மனைவியிடம் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த முறை மரத்திலிருந்து விழுந்த ஒருவருக்காக உட்காரும்போது, கயிறு இருந்ததா என்று கேளுங்கள். பதிலை அறிக்கையில் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பத்துப் பருவத்துக்கு அப்படி எழுதினால் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.

மரம் வைத்திருப்பவர்களே, மொட்டு வாங்குகிறவர்களே, ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்களே, அடுத்த கராம்புப் பருவம் மார்கழியில் தொடங்குகிறது. கயிற்றை இப்போதே வாங்கி வையுங்கள். பனி காய்ந்த பிறகு மரத்தில் ஏறச் சொல்லுங்கள்.