மெல்லிய குழாய்களைக் காப்போம்
(சிங்கப்பூர், தேக்காவில் நிகழ்த்திய உரை)



ரப்பர் மரத்துப் பால் ஓடுவது பட்டையிலுள்ள மெல்லிய குழாய்களில் என்பதை நாம் அறிவோம். உளி ஆழப்பட்டுக் காயமானால் பட்டை சீராகக் கூடுவதில்லை. நம் தேகத்திலும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் உண்டு. உடல் பருத்து நீரிழிவும் சேர்ந்தால் அவை பழுதாகும். கண் மங்கும், சிறுநீரகம் கெடும், கால் மரத்து, முள் தைத்தாலும் தெரியாது.

2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் வயது வந்தோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிலோ 17.2. 2016இல் அரசாங்கமே நீரிழிவின்மீது போர் தொடுத்தது.

மிகவும் பருத்தவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அதைச் செய்துகொண்டோருக்கு இந்தக் கேடுகள் குறைந்தன. ஆனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது சிலருக்குக் கண் கேடு கூடுவதும் உண்டு. ஆகவே முன்னதாகக் கண்ணைச் சோதிக்க வேண்டும். பின்னர் ஆயுள் முழுதும் சத்து மாத்திரை உண்ண வேண்டும்.

எல்லோரும் கத்திக்குப் போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைக் கடையில் உட்கார்ந்தால் ‘தே ஓ கோசோங்’ கேட்போம். நீரிழிவு உள்ள நம்மவர் ஆண்டுதோறும் கண், கால், சிறுநீர் மூன்றையும் சோதிக்கச் செய்வோம். வலியில்லையென்று வாளாவிருந்தால், நம்மைச் சுமக்கும் காலையே இழப்போம்!